புறா சுட்ட மாமாவும் செவ்வாப்பேட்டை ஏரிக்கரையும்

செவ்வாப்பேட்டை என்றதும் சேலத்துக்காரர்களுக்கு வெள்ளிக் கொலுசும் மண்டிக் கடைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போவது அந்தச் செவ்வாப்பேட்டை அல்ல. இது திருவள்ளூர் செவ்வாப்பேட்டை. சென்னை சென்ட்ரலில் மூர் மார்க்கெட் பக்கம் நிற்கும் திருவள்ளூர் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டியதும் வரும். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் 'செவ்வாப்பேட்டை ரோடு' என்று இருக்கும். பெயருக்குப் பின்னால் 'ரோடு' என்று ஒட்டியிருந்தால் என்ன அர்த்தம் என்று பழைய ரயில் பயணிகளுக்குத் தெரியும். 'ஊர் இங்கே இல்லை, இறங்கி ரோட்டில் நட' என்று அர்த்தம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது ஏரியும் நெல்வயலும் பனைமரமும். இப்போது தெரிவது மனைப்பிரிவுக் கற்களும், 'ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரம்' என்று சொல்லும் விளம்பரப் பலகைகளும். நடுநடுவே ஒரு துண்டு வயல், ஒரு துண்டு ஏரி, மின்கம்பியில் வரிசையாக நாலைந்து புறாக்கள்.

அந்தப் புறாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பெரிய மாமாவின் ஞாபகம்தான் வரும். ஒரு காலத்தில் அவர் இவற்றைச் சுட்டுக்கொண்டிருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரர்

மாமாவுக்கு இப்போது 78 வயது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960-களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆவடியில் வாடகை கட்டுப்படியாகாமல் செவ்வாப்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்தார். பிறகு அங்கேயே மனை வாங்கி வீடு கட்டிவிட்டார்.

"அப்போ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஊர்ல ஒரு சத்தம் இருக்காது. ரயில் போற சத்தம், தவளை சத்தம், அவ்ளோதான். சினிமாவுக்குப் போகணும்னா திருவள்ளூர் போகணும். சும்மா இருக்க முடியாம ஒரு ஏர்கன் வாங்கினேன்" என்று ஆரம்பிப்பார்.

அவருடைய ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்குத் தொடங்கும். பழைய சாதம் ஒரு தூக்கு வாளியில். சட்டைப் பையில் ஈயக் குண்டு டப்பா. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு ஏரிக்கரை மேலேயே நடப்பார். அறுவடை முடிந்த தை, மாசி மாதங்கள்தான் சீசன். கதிர் அடித்த களத்தில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பொறுக்கப் புறாக்கள் கூட்டமாக இறங்கும். பொழுது ஏறியதும் தண்ணீருக்குப் போகும். வெயில் வந்தால் வேலமர நிழலில் அடையும். "புறாவைத் தேடிப் போவக் கூடாது, அது வர்ற எடத்துல நாம முன்னாடியே போய் உக்காந்துக்கணும்" என்பது மாமாவின் பாடம்.

நாம் எல்லாவற்றையும் 'புறா' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மாமாவுக்கு அப்படி இல்லை. கோபுரத்திலும் கிணற்றுப் பொந்திலும் வாழும் சாம்பல் நிறப் புறா மாடப்புறா. கழுத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட சால்வை போர்த்தியது புள்ளிப்புறா. மணிப்புறா என்றும் சொல்வார்கள். அதைவிடச் சின்னதாகத் தவிட்டு நிறத்தில் இருப்பது தவிட்டுப்புறா. வெளிர் உடம்பில் பின்கழுத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு இருந்தால் கள்ளிப்புறா. ஆலமரமும் அரசமரமும் பழுக்கும்போது வருவது பச்சைப்புறா. இலைக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

இதையெல்லாம் மாமா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஏரிக்கரையில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார்.

குருவிக்காரர்

அந்தப் பெரியவரின் பெயர் வேண்டாம். ஊரில் எல்லோரும் 'குருவிக்காரர்' என்றுதான் சொன்னார்கள். நரிக்குறவர் சமூகம். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் அவர்கள் கூடாரம் இருக்கும். அவர் தோளில் ஓர் ஆள் உயர நாட்டுத் துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியில் ஒரு தடவை சுடுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, நார் அடைத்து, நீளக் கம்பியால் இடிக்க வேண்டும். மேலே ஈய ரவையைப் போட்டு, மறுபடி நார் அடைத்து, மறுபடி இடிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு கேப் பொருத்திய பிறகுதான் குதிரையை இழுக்க முடியும். குறி தவறினால் அடுத்த வெடிக்குள் பறவை பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். ஆகவே தவறக் கூடாது. மருந்துக்கும் ரவைக்கும் காசு கொடுத்தவர் அவர். ஒவ்வொரு வெடியும் வீட்டுச் செலவு.

நரிக்குறவர்களின் தாய்மொழி வாக்ரிபோலி. எழுத்து கிடையாது. குஜராத்தி, மராத்தி மொழிகளின் உறவுக்கார மொழி அது. எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பு மேற்கு இந்தியாவில் இருந்து தெற்கே வந்தவர்கள் என்பதற்கு அந்த மொழியே சாட்சி. வேட்டை, கண்ணி வைப்பது, பறவை மாதிரியே குரல் கொடுத்துக் கூப்பிடுவது எல்லாம் அவர்கள் கூடவே வந்த கலைகள். தமிழ் சினிமா அவர்களை 'சாமியோவ்' என்று கூவும் நகைச்சுவைப் பாத்திரங்களாகவே நமக்குக் காட்டிவிட்டது. காலையில் ஒரு கௌதாரியின் குரலைக் கேட்டு, அது ஆணா பெண்ணா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆளை எந்தப் படத்திலும் நாம் பார்த்ததில்லை.

மாமாவின் ஏர்கன்னைப் பார்த்து அந்தப் பெரியவர் முதலில் சிரித்தாராம். பிறகு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தாராம்.

"வாயில குச்சி வெச்சிருக்கிற புறாவைச் சுடாத சாமி. அது கூடு கட்டுது."

"கூட்டமா மேயுறதுல சுடு. ஒத்தையா வந்து மேஞ்சிட்டு அவசரமா போவுது பாரு, அதைச் சுடாத. அதோட ஜோடி கூட்டுல உக்காந்திருக்கும்."

மாமா முதல் விதியைக் கடைப்பிடித்தார். இரண்டாவதை மறந்தார்.

புறாவும் பால் கொடுக்கும்

1979 மாசி மாதம் என்று மாமா சொல்வார். வீட்டுக்குப் பின்னால் மின்கம்பியில் ஒரு புள்ளிப்புறா தினமும் காலையில் தனியாக வந்து உட்காரும். கொல்லையில் இறங்கிக் கொஞ்சம் மேயும், உடனே பறந்துவிடும். ஒரு நாள் ஜன்னலில் இருந்தே சுட்டார். மறுநாள் அதே கம்பியில், அதே நேரத்தில் இன்னொன்று தனியாக வந்தது. அதையும் சுட்டார். ஏரிக்கரை வரை நடக்காமலே கறி கிடைத்த சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து அத்தை வேலியில் துணி காயப்போடப் போனபோது, வேலமரக் கிளையில் நாலு குச்சியை அடுக்கி வைத்த மாதிரி ஒரு கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள். இறகுகூட முளைக்கவில்லை. எறும்பு மொய்த்திருந்தது.

புறாக்களைப் பற்றி ஒரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. பாலூட்டிகள் மட்டும்தான் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். புறாவும் ஒரு வகைப் 'பால்' கொடுக்கும். தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பையின் உட்சுவரில் இருந்து கெட்டியான தயிர்த் திப்பி போல ஒன்று சுரக்கும். குஞ்சு பொரித்த முதல் சில நாட்களுக்கு அதுதான் உணவு. இதில் இன்னொரு அதிசயம், தாய்க்கு மட்டும் அல்ல, தகப்பனுக்கும் பால் சுரக்கும். இரண்டு முட்டையை இரண்டு பேரும் மாறி மாறி அடைகாப்பார்கள். ஒருவர் கூட்டில், ஒருவர் இரை தேடி. அந்த மின்கம்பிக்குத் தனியாக வந்தது அதனால்தான். முதலில் வந்தது ஒன்று, மறுநாள் வந்தது அதன் ஜோடி.

மாமா இந்த விவரமெல்லாம் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது பெரியவர் சொன்ன வார்த்தை மட்டும்தான். "அத்தை எதுவும் திட்டல. சாயங்காலம் கொழம்பு மட்டும் வெக்கல. அவ்ளோதான். அன்னிக்குச் சுவத்துல மாட்டினேன்" என்றார்.

நான் சிறுவனாக முழுப் பரீட்சை லீவுக்குப் போகும்போது அந்த ஏர்கன் சுவரில்தான் இருந்தது. எட்டி எடுக்கப் பார்த்து நான் வாங்கிய ஒரே அடி அதற்காகத்தான்.

சுட்ட கைகள் எங்கெல்லாம் போயின?

மாமாவின் கதை ஒன்றும் தனிக் கதை அல்ல. மும்பையில் சுமார் பத்து வயதுப் பையன் ஒருவன் மாமா கொடுத்த ஏர்கன்னால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மஞ்சள் திட்டு. வழக்கமான குருவி மாதிரி இல்லையே என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் இந்தியப் பறவையியலின் தாத்தாவான சலீம் அலி. 1985-ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பிலேயே அந்தக் குருவியை உட்கார வைத்துவிட்டார்.

இங்கிலாந்தின் கிராமங்களில் புறா சுடுவது இன்றும் பலருக்குப் பொழுதுபோக்கு. அங்கே காட்டுப்புறாக்கள் கடுகுப் பயிரையும் முட்டைக்கோசையும் தின்று தீர்ப்பதால், விவசாயிகளே கூப்பிட்டுச் சுடச் சொல்வார்கள். வயலில் பிளாஸ்டிக் புறாக்களை நட்டுவைத்து, வலை மறைப்புக்குப் பின்னால் காத்திருப்பார்கள். அதே இங்கிலாந்தில், கூண்டில் அடைத்த புறாக்களைத் திறந்துவிட்டுச் சுடும் போட்டி 1921-ல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டியே நடந்திருக்கிறது. லியோன் தெ லுண்டன் என்ற பெல்ஜியக்காரர் 21 புறாக்களைச் சுட்டு ஜெயித்தார்.

அந்த ரத்த விளையாட்டின் இடத்தைப் பிடித்ததுதான் களிமண் புறா. இயந்திரம் வீசும் தட்டைப் பறக்கும்போதே சுட வேண்டும். ஆங்கிலத்தில் இன்னும் அதற்குப் பெயர் 'புறா'தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளி வென்றது இந்த வகைப் போட்டியில். நம்ம புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் இதே வகையான டிராப் போட்டியில்தான். 1900-ல் உயிருள்ள புறாக்கள் விழுந்த பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 124 வருஷம் கழித்து, இன்னொரு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு தமிழர் தட்டுகளைச் சுட்டார்.

சுடாதே என்று சொன்ன ஊர்

இதற்கெல்லாம் வெகு முன்பே, நம் பக்கத்து ஊர்க்காரர்கள் 'சுடாதே' என்று எழுதி வாங்கிவிட்டார்கள். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டு விளையாடியபோது கிராமத்து மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798-ல் அவர்களுக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். யாரும் இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று அதற்கு அர்த்தம். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாப்பேட்டையும் அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல். 'ஏரிகள் மாவட்டம்' என்ற பழைய பெயரின் வடக்குத் துண்டு இது.

வேட்டை என்று பேச ஆரம்பித்தால் இந்த மாவட்டத்துக்கு மிக நீண்ட ஞாபகம் உண்டு. பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவரது நண்பரும் அங்கே கல் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் தோண்டி ஆராய்ந்து, மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். கொசஸ்தலையாற்றங்கரையில் கல்லைச் செதுக்கிக்கொண்டு இரைக்குக் காத்திருந்த அந்த ஆட்களுக்கும், ஏரிக்கரையில் மருந்து இடித்த குருவிக்காரருக்கும் வேலை ஒன்றுதான்.

பாம்புக்கு வழி பிறந்தது, பறவைக்கு?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேண்டிய சட்டம். அது இல்லை என்றால் இன்று கௌதாரியைப் படத்தில்தான் காட்ட வேண்டியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மாமா போன்ற ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரருக்குச் சட்டம் எடுத்துக்கொண்டது ஒரு பொழுதுபோக்கை மட்டும்தான். குருவிக்காரரிடம் இருந்து எடுத்துக்கொண்டது அவர் சாப்பாட்டை.

இதே திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரத்தில் இருளர்களுக்கும் இதே நிலைமைதான் வந்தது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றதும் அவர்கள் தவித்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. ரோமுலஸ் விட்டேகர் முன்முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குற்றம் ஆகிப்போன ஒரு திறமை, உயிர் காக்கும் திறமையாக மாறியது.

பறவை பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் அப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்தது. பீகாரின் மீர்ஷிகார் என்ற பறவை பிடிக்கும் சமூகத்தைச் சேர்ந்த அலி உசேன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வலசை ஆய்வுகளுக்காக, காயமில்லாமல் பறவைகளைப் பிடித்துக் கொடுத்தார். காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, எந்த நாட்டில் இருந்து வருகின்றன என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது அவரைப் போன்றவர்களின் கைப்பக்குவத்தால்தான்.

நம்ம ஏரிக்கரைக் குருவிக்காரரிடம் அப்படி யாரும் வரவில்லை. துப்பாக்கியை வைத்துவிட்டு, ஊசியும் பாசிமணியும் விற்கப் போனார். 1980-களின் நடுவில் புளியமரத்தடிக் கூடாரங்களும் போய்விட்டன. மரமும் போனது. இப்போது அந்த இடத்தில் ஒரு லே-அவுட்.

போன மாதம் திருவள்ளூர் பேருந்து நிலையம் பக்கம் மாமாவும் நானும் நடந்துகொண்டிருந்தபோது, பாசிமணியும் ஹேர் கிளிப்பும் விற்கும் ஓர் இளைஞர் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். பெரியவரின் பேரன்.

"படிச்சியாப்பா?" என்று கேட்டேன்.

"பத்தாவது வரைக்கும் சார். அதுக்கு மேல சர்ட்டிபிகேட் கேட்டாங்க" என்றார்.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது பல பத்தாண்டுக் கோரிக்கை. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. 2023 ஜனவரியில் சட்டமானது. அந்த இளைஞருக்கு அது தாமதம். "பொண்ணு இப்போ நாலாவது படிக்குது சார். அவளுக்கு ஆகும்" என்றார். பிறகு மாமாவிடம், "தாத்தா துப்பாக்கி தூக்கினாரு, அப்பா ஊசி பாசி தூக்கினாரு, நான் இந்தக் கிளிப்பு தூக்குறேன். அவ புத்தகப் பையைத் தூக்கட்டும்" என்று சிரித்தார்.

மாமா அவரிடம் நாலு கிளிப் வாங்கினார். எங்கள் வீட்டில் கிளிப் போடுகிற வயதில் யாரும் இல்லை.

மாடியில் ஒரு கூண்டு

மாமா வீட்டு மாடியில் இப்போது முப்பது புறாக்கள் இருக்கின்றன. ஏர்கன்னை மாட்டிய அடுத்த வருஷமே ஒரு ஜோடி வாங்கி வளர்க்க ஆரம்பித்துவிட்டார். வடசென்னையின் மொட்டை மாடிகளில் எத்தனையோ காலமாக இருக்கும் புறாப் பித்து, இந்த ரயில் தடம் வழியாக இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. 2015-ல் 'மாரி' படம் வந்த பிறகு எல்லோருக்கும் புறாப் பந்தயம் தெரிந்துவிட்டது.

இதில் இரண்டு வகைப் பந்தயம். கர்ணப் புறா என்பது வானத்தில் பறந்துகொண்டே குட்டிக்கரணம் போடுவது. எவ்வளவு நேரம் இறங்காமல் பறக்கிறது, எத்தனை கரணம் என்று பார்ப்பார்கள். ஹோமர் என்பது எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குத் திரும்பிவிடும் புறா. முதலில் அடுத்த ஊரில் விட்டுப் பழக்குவார்கள். பிறகு அரக்கோணம், பிறகு ரேணிகுண்டா என்று தூரத்தைக் கூட்டுவார்கள். பந்தயத்தன்று எத்தனை கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் கடந்தது என்று கணக்குப் போட்டு வெற்றி சொல்வார்கள்.

மாமா பந்தயத்துக்கு விடுவதில்லை. "வழியில ராஜாளி அடிச்சிடுச்சுன்னா? நான் அனுப்பி அது போவக் கூடாது" என்பார். காலையில் கம்பு, சோளம், பட்டாணி கலந்து வைத்துவிட்டுக் கூண்டைத் திறப்பார். ஒரு சுற்றுப் பறந்து வருவதைக் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பார். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் எண்ணிக்கை தவறாது.

புறாவுக்காகத் தன் தசையையே அறுத்துக் கொடுத்த சிபிச் சக்கரவர்த்தி கதையைச் சோழர்களின் முன்னோர் கதையாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மாமாவிடம் அதைச் சொன்னால், "அவரு ராஜா. ஒரு புறாவோட கணக்கை ஒரே நாள்ல தீத்துட்டாரு. நான் மாசச் சம்பளக்காரன், தவணையிலதான் கட்டணும்" என்பார். நாற்பத்தைந்து வருஷத் தவணை.

சாயங்கால நடை

இந்த முறை கிளம்பும் முன் இருவரும் ஏரிக்கரைக்கு நடந்தோம். மாமா கையில் துப்பாக்கிக்குப் பதில் பேரன் வாங்கிக் கொடுத்த பைனாகுலர். ஏரியில் பாதி ஆகாயத்தாமரை. மீதிப் பாதியில் நாமக்கோழிகளும் இரண்டு கூழைக்கடாக்களும். மின்கம்பியில் தவிட்டுப்புறா மூன்று.

கொஞ்ச தூரத்தில் இரண்டு பையன்கள் உண்டிவில்லோடு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதட்டப் போனேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பையன்களிடம் போய் பைனாகுலரைக் கொடுத்தார்.

"அந்தக் கிளையில ஒண்ணு ஒத்தையா இருக்குது பாரு. வாயில என்னா வெச்சிருக்குது, சொல்லு பாக்கலாம்."

ஒரு பையன் வெகுநேரம் பார்த்தான். "குச்சி தாத்தா" என்றான்.

"அப்போ அது என்னா பண்ணப் போவுது?"

பையன் யோசித்தான். உண்டிவில்லைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டான். ஏரிக்கரைக் குருவிக்காரரின் முதல் விதி இன்னொரு தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது விதியைச் சொல்வதற்குள் இருட்டிவிட்டது. "நாளைக்கு வாங்கடா, மாடிக்கு" என்று சொல்லி அனுப்பினார் மாமா.

நீங்களும் போகலாம்

சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர், அரக்கோணம் மின்சார ரயில்களில் செவ்வாப்பேட்டை ரோட்டில் இறங்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரிகளில் தண்ணீரும் பறவைகளும் இருக்கும். காலை ஆறு முதல் எட்டு மணி வரைதான் நல்ல நேரம். ஒரு முழுநாள் இருந்தால் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு, 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தையும் அங்கே உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தையும் பாருங்கள். குழந்தைகளுக்கு அத்திரம்பாக்கம் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. பூநாரைகளைப் பார்க்க வேண்டுமானால் இதே மாவட்டத்தின் பழவேற்காட்டுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கையில் பைனாகுலர் போதும். ஏர்கன் ஆனாலும் உண்டிவில் ஆனாலும், காட்டுப் பறவையைக் கொன்றால் சட்டத்தின் முன் அது வேட்டைதான்.

திரும்பி வரும்போது பிளாட்பாரத்தில் யாராவது பாசிமணி விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். முடிந்தால் அவரிடம் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவையின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.